உள்பக்கத் தாழ்ப்பாள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளாம். குரலில் மரியாதை வழிந்தது.

"பத்மா மேடம், கேளம்பாக்கம் பக்கத்துல நம்ம புது வீடு ரெடியாகுது. பொண்ணுங்க ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்னு கமிட்டியில சிலர் சொல்றாங்க. ஏதாவது ஆபத்துன்னா எப்படி உள்ள போறதுன்னு கேக்கறாங்க. பழைய வீட்ல ஏன் மேடம் வெச்சிருந்தீங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓய்வு பெற்றால் குறையும் என்றார்கள், குறையவில்லை. "தாழ்ப்பாள் இல்லாதது கதவு இல்லம்மா, வெறும் பலகை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அந்தப் பெண் தெரியாமல்தானே கேட்டாள்? திரும்பக் கூப்பிட்டு, "எழுதியே தர்றேன், எல்லாருமா படிங்க" என்றேன். வாயைக் கொடுத்தால் எழுதித்தானே ஆக வேண்டும்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத பிள்ளைகள் குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறார்கள். பதினெட்டு வயது முடிந்தால் அங்கிருந்து கிளம்ப வேண்டும். நம் வீட்டில் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனியாக மெரினாவுக்கு அனுப்ப யோசிக்கிறோம். அந்தப் பெண்ணோ ஒரு பையோடு மொத்த உலகத்துக்குள் போக வேண்டும். அப்படிக் கிளம்பும் பெண்களுக்காகச் சேலையூர் பக்கம் நாங்கள் ஒரு வீடு நடத்தினோம். சில வருடங்கள் அங்கே இருந்து படிக்கலாம், வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், சண்டை போடலாம், தனியாக வாழப் பழகலாம். அதன்பின் சொந்தமாக வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். நான் அந்த வீட்டின் பொறுப்பாளர்.

அதற்கு முன் என் படிப்பு, பயிற்சி எல்லாம் எல்லாருக்கும் போலத்தான். சமூகப் பணியில் பட்டம் வாங்கினேன். சில காலம் பால்வாடியில் இருந்தேன். அப்புறம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வார்டன். அங்கே எந்த அறைக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வார்டன் நினைத்தபோது நினைத்த அறைக்குள் போகலாம். அதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் நம்பினேன்.

சேலையூர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் தலைமை அதிகாரி நிர்மலா மேடம் என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரவேற்பு டிபன் வாங்கித் தரப் போகிறார் என்று நினைத்தேன். நேராக ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தார். தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இழுத்து, தள்ளி, காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். கடைக்காரருக்கே பொறுமை போய்விட்டது.

"இன்னா மேடம், நகையா வாங்கறீங்க?"

"அதவிட முக்கியம். போட்டா, போட்டாச்சுன்னு சத்தம் கேக்கணும்" என்றார் மேடம்.

மேடம் அதிகம் பேச மாட்டார். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும், வெயிலோ மழையோ. அன்று மாலை ஆசாரி வந்து எல்லா அறைகளுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் மாட்டினார். பிறகு மேடம் எனக்கு விதிமுறையைச் சொன்னார். கதவை இரண்டு முறை தட்ட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். 'உள்ளே வரலாமா' என்று கேட்டுவிட்டு நிற்க வேண்டும்.

"வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"திரும்பி வந்துடுங்க. அன்னிக்கு அதுதான் உங்க வேலை."

ஆபத்துக்கும் வழி வைத்திருந்தார். மூன்று தடவை தட்டியும் பதிலே இல்லையென்றால் இரண்டு ஊழியர்கள் சேர்ந்து வர வேண்டும். திறக்கப் போகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்து ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கலாம். ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் தாழ்ப்பாள் மாட்டச் சொல்லியிருந்தார். ஆகவே கமிட்டியில் ஆபத்து ஆபத்து என்று பேசுகிறவர்கள் கவனிக்க. உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் யோசித்துவிட்டார்.

நாங்கள் ஊழியர்கள் குறை சொல்லப் போனால் மேடத்திடம் ஒரே பதில்தான். இந்தப் பெண் சாப்பிடவில்லை, அந்தப் பெண் வேலைக்குப் போகவில்லை, இன்னொருத்தி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, தட்டினீங்களா? நின்னீங்களா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல் சரியில்லை என்று சொன்னால்கூட இவர் கதவைத்தான் கேட்பார் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்திருக்கிறோம்.

எங்கள் பெண்கள் செய்கிற தவறுகளை வேறு யாரும் செய்ய மாட்டார்கள். இல்லத்தில் சமையல் உதவி செய்து பழகிய ஒருத்தி, நான்கு பேருக்கு சாம்பார் வை என்றால் தெருவுக்கே வைத்தாள். அவள் கைக்கு அண்டா அளவுதான் தெரியும். அன்று எங்கள் தெருவில் யார் வீட்டிலும் குழம்பு வைக்கவில்லை. இன்னொருத்தி செருப்புக் கடையில் இருபது ஜோடி எடுத்துப் போட்டும் எது வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் அழுதாள். அதுவரை கொடுத்ததைப் போட்டுத்தானே பழக்கம். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். விளக்கை அணைக்கட்டுமா, தண்ணீர் குடிக்கட்டுமா, தலைக்குக் குளிக்கட்டுமா. ஆனால் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் மட்டும் வராது. ஒரு பெண் முதல் தடவையாக மேடத்தைப் பார்த்து, "இப்ப வேணாம் மேடம், தூக்கம் வருது" என்று சொல்லும் நாளில் மேடம் எங்களுக்கெல்லாம் காபி வாங்கித் தருவார். அப்படி நிறைய காபி குடித்திருக்கிறோம்.

மோனிஷா விஷயத்தில் மட்டும் அந்தக் காபி வரவே இல்லை.

மோனிஷா சின்ன வயதிலிருந்தே இல்லங்களில் வளர்ந்தவள். ஒல்லி, கறுப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி. தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. பிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்து உட்கார வைப்பாள். ஒரு மயிரிழை கூடினாலும் உடையும், குறைந்தாலும் கழன்று விழும். வேலையில் அவ்வளவு கெட்டிக்காரி. வீட்டில் அவள் அறைக் கதவு மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். துணி மாற்றக் குளியலறைக்குப் போவாள், அந்தக் கதவைக்கூட ஒரு வாளியை வைத்துத்தான் சாத்துவாள். மேடம் தட்டுவதற்குள் "வாங்க மேடம்" என்றுவிடுவாள்.

ஒரு மத்தியானம் இருவரும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். சின்ன வயதில் அவள் இருந்த ஒரு இல்லத்தில் அடம்பிடிக்கிற பிள்ளைகளை ஓர் அறைக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டுவிடுவார்களாம்.

"கதவு மூடிக்கினா, வெளிய யாரோ மூடிட்டாங்கன்னுதான்க்கா தோணுது. நானே மூட்னாலும் அப்டித்தான் கீது. இன்னா பண்றது?"

அவரைக்காயை மட்டும் நறுக்கினேன்.

அவள் எங்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டிய காலம் வந்தது. வேலை இருக்கிறது, சமைக்கத் தெரியும், பஸ் தெரியும், பேங்க் தெரியும். அவள் கட்டிலுக்கு அடுத்த பெண் காத்திருந்தாள். மேடம் மட்டும், "அவ இன்னும் என்னை ஒரு தடவைகூட வேணாம்னு சொல்லலையே பத்மா" என்று இழுத்தார்.

வீடு தேடினோம். தனிப் பெண்ணுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். தாய் தகப்பன் இல்லாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். பெங்களூரில் சித்தப்பா இருக்கிறார் என்று ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் மேடம் பொய் சொல்ல விட மாட்டார். அந்தப் பொய்யை அவள் தினமும் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டில் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், வீடு கொடுக்கவில்லை. கடைசியில் மாடம்பாக்கத்தில், கோயிலைத் தாண்டி உள்ளே போகிற ஒரு தெருவில் கன்னியம்மாள் கிடைத்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வரிசையாகப் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்.

"அம்மா அப்பா இன்னா பண்றாங்க?" என்று கேட்டார்.

"எனக்கு யாரும் இல்ல ஆண்டி. நான் கண்ணாடிக் கடைல லென்ஸ் தேய்க்கிறேன்" என்றாள் மோனிஷா.

கன்னியம்மாள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இது நழுவிகினே கீது. இன்னான்னு பாரு."

மோனிஷா அங்கேயே நின்று இரண்டு பக்கமும் காதுக் கம்பியை மெல்ல வளைத்துக் கொடுத்தாள். கண்ணாடி நின்றது, வீடும் கிடைத்தது. பால் காய்ச்சப் போனோம். பால் பொங்கி வரும் நேரத்தில் மோனிஷா என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, பொங்கட்டுமா, அணைச்சிடட்டுமா?" என்றாள். பொங்குவதற்குத்தான் வைக்கிறோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பெல்லாம் பால். கன்னியம்மாள் நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டார்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியம்மாளிடமிருந்து போன்.

"இன்னா பொண்ணும்மா கொண்ணாந்து வெச்ச? கதவ தொறந்து போட்டுகினு தூங்குது. ஏரிப் பக்கம் எல்லாம் காலி மனை. எவனாவது உள்ள பூந்துட்டா போலீஸு என் வூட்டுக்குத்தான் வரும். தெரு இன்னா பேசுதுன்னு தெரியுமா உனக்கு?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஓடினேன். நான் போனபோது மோனிஷாவின் கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. கன்னியம்மாள் உள்ளே அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். நானும் நேராக உள்ளே போனேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினோம். நான் கெஞ்சினேன், அவர் அலுத்துக்கொண்டார். மோனிஷா சுவரோடு சாய்ந்து நின்றாள். கன்னியம்மாள் கெட்டவர் இல்லை. அதனால்தான் கடைசியில் நல்ல எண்ணத்தோடு அந்த யோசனையைச் சொன்னார். புடவைத் தலைப்பிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்தார்.

"கதவு சாத்த பயமா கீதுன்னா நான் வெளிய பூட்டிகினு போறேன். காத்தால பால் வாங்க வரும்போது தொறந்து வுடறேன். இஷ்டம்னா இருக்கட்டும். இல்லாங்காட்டி மாசக் கடைசில காலி பண்ணிக்கட்டும்."

மோனிஷாவின் முகத்தில் ரத்தம் இல்லை. கொடியில் கிடந்த துணிகளை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பை கட்டுவது கைவந்த கலை. இங்கிருந்து போனால் எங்கள் வீட்டில் அவளுக்குக் கட்டில் இல்லை. அதைவிட, இனி வேறு எந்த வீட்டையும் அவள் கேட்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வர்றேன்" என்றார். நல்லவேளை, தட்டினீர்களா என்று கேட்கவில்லை.

தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கோயிலருகே இறங்கி, உச்சி வெயிலில் குடையோடு நடந்து வந்தார் மேடம். கதவு முழுசாகத் திறந்திருந்தது. உள்ளே நாங்கள் மூன்று பேரும் இருப்பது தெரு வரை தெரியும். மேடம் வாசலில் நின்றார். குடையை மடக்கினார். திறந்திருந்த கதவின் பலகையில் இரண்டு முறை தட்டினார்.

"மோனிஷா, நான் நிர்மலா. உன்னைப் பார்க்க வந்தேன். உள்ள வரலாமா?"

திறந்த கதவைத் தட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. கன்னியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பூட்டும் கையுமாக, "இன்னாமா, இன்னா?" என்று கேட்டபடி வந்தார். இப்போது உள்ளே மோனிஷா மட்டும்தான். கையில் பாதி மடித்த சுடிதார். எங்கள் மூவரையும் பார்த்தாள். மேடம் வெயிலில் அப்படியே நின்றார். குடையைக்கூட விரிக்கவில்லை.

"வேணாம் மேடம்" என்றாள் மோனிஷா. குரல் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னாள். "வேணாம். இப்ப யாரும் உள்ள வர வேணாம்."

"சரிம்மா" என்றார் மேடம்.

குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பேரன் பிறந்த சேதி கேட்டவர் முகம்போல இருந்தது. கன்னியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இம்மாந்தூரம் வந்துட்டு கோச்சிகினு போவுதே அந்தம்மா?" என்று என் காதில் சொன்னார்.

எங்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. பிறகு தாழ்ப்பாள் சத்தம். புதுத் தாழ்ப்பாள், அவள் குடிவந்தபோது மேடம் சொல்லி மாட்டியது, அதன்பின் யாரும் தொடாதது, பாதியில் சிக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. கேட் வரை போன மேடம் திரும்பாமல் அப்படியே நின்றார். அப்புறம் 'டக்'கென்று விழுந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். நான் அழுதுவிட்டேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, அது ஜெயித்த அழுகை.

கன்னியம்மாள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்தோம். "வேணாம்னு சொன்னா நெஜமாவே போயிடுவாங்கன்னு அவளுக்கு இன்னிக்குத்தான் நம்பிக்கை வந்திருக்கு" என்றார் மேடம். அவ்வளவுதான் பேசினார்.

மோர் தம்ளரைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மோனிஷா வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தாள்.

"மேடம், இப்ப வரலாம். டீ போட்டு கீறேன்."

மேடம் போனார், நான் போனேன். பின்னாலேயே வந்த கன்னியம்மாள் அவருடைய சொந்த வீட்டு வாசற்படியில் நின்று, ஒரு காலைத் தூக்கித் திரும்பக் கீழே வைத்தார். "நானும் வரலாமா பொண்ணே?"

மோனிஷா யோசித்தாள். அவள் யோசித்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"வாங்க ஆண்டி. அந்தப் பூட்ட மட்டும் வெளிய வெச்சிட்டு வாங்க."

கன்னியம்மாள் பூட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்தார். டீயில் சர்க்கரை அதிகம். கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.

அதன்பின் சில நாள் தாழ்ப்பாளைப் போடுவது, உடனே எடுத்துப் பார்ப்பது, மறுபடி போடுவது என்று இருந்தாளாம். "டக்கு டக்குன்னு ஒரே ரோதனை" என்று கன்னியம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வார். பிறகு அது ஓய்ந்துவிட்டது. இன்று மோனிஷா அந்தக் கடையின் லென்ஸ் பிரிவுக்கே பொறுப்பாளர். வீடு அதே வீடுதான். கன்னியம்மாளின் மற்ற போர்ஷன்களிலும் இப்போது எங்கள் பெண்கள் இருக்கிறார்கள். எந்தப் போர்ஷன் காலியானாலும், "உங்க பொண்ணு யார்னா கீதா?" என்று முதலில் எனக்குத்தான் போன் வரும். வீடு வீடாகப் படியேறி இறங்கிய எனக்கு இதைவிட வேறு ஓய்வூதியம் வேண்டாம்.

இதை எழுதி முடிப்பதற்குள் கமிட்டிக் கூட்டமும் நடந்துவிட்டது. பழைய பெண்கள் சார்பில் மோனிஷாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். "தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நாங்க எப்படிம்மா உள்ள வர்றது?"

மோனிஷா எழுந்து நின்றாள். "தட்டுங்க சார். நாங்க தொறப்போம்" என்றாள்.

உட்கார்ந்துவிட்டாள். கேளம்பாக்கம் வீட்டில் தாழ்ப்பாள் உண்டு, உள்பக்கம்தான், ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில். நிர்மலா மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "சத்தம் கேக்குற தாழ்ப்பாளா?" என்று கேட்டார்.

நேற்று ஒரு டப்பா மைசூர்பாகோடு மோனிஷாவைப் பார்க்க மாடம்பாக்கம் போனேன். இரண்டு முறை தட்டினேன். "மோனிஷா, நான் பத்மா. பாராட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ள வரலாமா?"

"இப்ப வேணாம்க்கா. தலைக்கு எண்ணெ வெச்சிகினு கீறேன். அப்பால வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டப்பாவும் கையுமாகத் தெருவில் நின்றேன். நல்ல வெயில். எதிரே துணி உலர்த்திக்கொண்டிருந்த கன்னியம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பத்மாம்மா, உன்னியும் வெளிய நிக்க வெச்சிட்டாளா?"

"ஆமாங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "என்னையும்தான் நிக்க வெச்சிட்டா."